நான்காவது அட்டவணை

உன் டப்பாவை என் மகள் திறந்துவிட்டாள்.

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை காலையிலிருந்து ஒவ்வொரு மாடியாகப் பூச்சி மருந்து அடிக்கப் போவதாக லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கரப்பான் தொல்லை. "ரெண்டு மணிக்கூர் கதவடைச்சு இருந்தா மதி, மேடம். ஒண்ணும் பேடிக்கண்டா" என்று தன் மலையாளத் தமிழில் அசோசியேஷன் செக்ரட்டரி எனக்கு மட்டும் தனியாகப் போன் செய்து சொன்னார். இரண்டு மணி நேரம் அடைத்திருந்தால் போதும், பயப்பட வேண்டாமாம். இந்தக் கட்டடத்திலேயே அதிகமாகப் பயப்படுகிறவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்கெல்லாம் அந்த வாடை படிக்கட்டு வழியாக ஏறி வந்துவிட்டது. மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல்களைச் சாத்தினேன். கொடியில் கிடந்த துணிகளை உள்ளே இழுத்தேன். பாப்பாவின் தட்டு, தம்ளர், பால்புட்டி எல்லாவற்றையும் அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் குவித்தேன். கதவின் அடி இடுக்கில் ஈரத்துண்டு வைத்து அடைக்க வேண்டும். பழைய துண்டு தேடிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை இழுத்துத் திறந்தேன். துண்டு கிடைத்தது. அதை நனைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

பல்பொடி டப்பாவுக்குள் தேயிலைக் கொட்டைகள் உருளுகிற சத்தம்.

நீ போனதிலிருந்து நான் கேட்காத சத்தம். கேட்கக்கூடாது என்றுதான் டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வாடகை வீடு மாறியாயிற்று. மூன்று தடவையும் அது சத்தமில்லாமல் என்னோடு வந்தது. இரண்டேகால் வயதுக் கை ஒன்று பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதை ஆட்டிக்கொண்டிருந்தது. "ம்மா, கிலுக்கு!" என்றாள். டே கேரில் படித்த மலையாளம். கிலுகிலுப்பை என்கிறாள். மூடி எங்கோ கிடந்தது. கொட்டைகள் தரையெல்லாம். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

விரலை விட்டுத் தோண்டினேன். பிஸ்கட் துணுக்குதான் வந்தது. அவள் அலற, நானும் அலற, குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குட்டிக் கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் தரையில் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினேன். பதின்மூன்று.

குழந்தை டாக்டர் நிதானமான அம்மாள். கொட்டை சின்னது, மூச்சில் திணறல் இல்லையென்றால் தானாக வெளியே வந்துவிடும், இரண்டு நாள் டயப்பரைப் பார்த்துக்கொள் என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகு, மொத்தம் எத்தனை என்று கேட்டார். "டப்பால மொத்தம் எத்ர எண்ணம் இருந்தது?"

"தெரியாது டாக்டர்."

"எண்ணி வச்சிருக்கலையா?"

இல்லை. எண்ணி வைக்கவில்லை. எண்ணச் சொல்லித்தான் நீ கொடுத்திருந்தாய்.

*

உன்னை எனக்குத் தந்தது ரோல் நம்பர். எம்.ஏ. இரண்டாம் வருடத்தில், சர்வதேசப் பொருளாதாரமும் சுற்றுச்சூழல் கொள்கையும் என்ற தாளுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார் சார். வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து இருந்த பெயர்களை அப்படியே ஜோடியாக்கினார். அதற்கு மறுநாள் லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகம் என் காலில் விழுந்து, நான் "எம்மாடியோ" என்று கத்தியபோது, அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் தலை நீண்டது.

"ஏட்டி, நீ தமிழா? ஒரு வருஷமா என்னை மலையாளம் பேச வச்சுக் கொன்னுட்டியே!"

என் அப்பா நாகர்கோவிலிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்தவர். உன் அப்பா பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பூச்சி மருந்து அடிக்கிறவர். கட்டுரைக்குத் தேயிலையை எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதும் நீ சிரித்தாய். "அது எங்க வீட்டு வாசல்ல நிக்கிற சாமானாச்சே. அதுக்குப் போயி புக்கு எதுக்கு?"

சார் அந்தத் தாளை நன்றாகவே நடத்தினார். "வரிச்சுவர் இறங்கினால் விதிச்சுவர் ஏறும்" என்று அடிக்கடி சொல்வார். நாடுகள் இறக்குமதி வரியைக் குறைக்கக் குறைக்க, சரக்கின் தரத்துக்கான விதிகள் கூடிக்கொண்டே போகும். தேயிலைக்குள் இன்ன மருந்தின் எச்சம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வாங்குகிற நாடு ஒரு வரம்பு வைக்கும். அந்த வரம்பு குடிக்கிறவரின் உடம்பைக் காக்கவா, உள்நாட்டு வியாபாரத்தைக் காக்கவா? இதுதான் நம் கட்டுரையின் கேள்வி. எனக்கு அது போதுமானதாக இருந்தது. நீ நோட்டின் ஓரத்தில் வேறொன்று எழுதி என் பக்கம் தள்ளினாய். "குடிக்கிறவங்களுக்கு லிமிட்டு இருக்கு. அடிக்கிறவங்களுக்கு?"

அந்த வாரக் கடைசியில் உன்னோடு மலைக்கு வந்தேன். விதுராவில் ஒன்றரை மணி நேரம் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொள்ள, நீ என் காதில் "இப்போ பள்ளம் இந்தப் பக்கம், இப்போ அந்தப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லி என்னை இன்னும் பயமுறுத்தினாய். உன் லயம், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற நீள வரிசை, ஒரே கூரைக்குக் கீழே ஏழெட்டு வீடு. மழை விட்டிருந்தது. நான்கு மணிக்கு உன் அப்பா முதுகில் டாங்க்குடன் இறங்கி வந்தார். மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நான் எழுந்து வணக்கம் சொல்லக் கிட்டே போனேன்.

"கிட்ட வராத மோளே. சட்டையில மருந்து இருக்கு."

முற்றத்தின் ஓரத்திலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து எதையோ அள்ளி, நீ நீட்டிய டப்பா மூடியில் போட்டார். பழுப்பு நிறத்தில், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் சிறியதாக. வேலியோரம் வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகளில் காய்க்கிற கொட்டை என்றாய். ஒரு டாங்க் அடித்து முடித்தால் ஒரு கொட்டை பைக்குள் போகும். அந்த மலையில் மருந்து அடிக்கிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம். ஒரு கை பம்ப்பில், ஒரு கை குழாயில், எங்கே எழுதுவது? மதியத்துக்கு மேல் தலை கிறுகிறுத்து எத்தனையாவது டாங்க் என்பதே மறந்துபோகும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீ எண்ணினாய். மூன்றாம் வகுப்பிலிருந்து, ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் வீட்டில் இருக்கிற நாட்களில், உன் சாயங்கால வேலை அது.

"பதினாலு. போன வாரம் பன்னெண்டுதானேப்பா?"

"இன்னைக்குக் காத்து இல்லல்லா. அதான் ரெண்டு கூட."

பிறகு அவருடைய சட்டையைத் தனி வாளியில் ஊறப் போட்டாய். கையை ஒரு முறை அலசினாய். எனக்குத் தேநீர் கொண்டுவந்தாய். நான் தம்ளரைப் பிடித்தபடியே இருந்தேன். உன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதையும் பார்த்துவிட்டாய்.

"குடிடீ. இது எங்களுக்குக் குடுக்கிற டஸ்ட் தூள். எந்த நாட்டுக்காரனும் இதுக்கு லிமிட்டு வைக்கல. ஆனா ருசியா இருக்கும்."

குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

*

அதற்குப் பிறகு இரண்டு வாரக் கடைசிகள் நீ தனியாகவே மலைக்குப் போய் லயம் லயமாக ஏறி இறங்கினாய். யார் எத்தனை வருடமாக அடிக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை டாங்க், வீட்டில் சட்டையைத் துவைப்பது யார். கோடு போட்ட தாளில் உன் வட்ட வட்டமான எழுத்து. கட்டுரையில் மூன்று அட்டவணைகள் ஏற்கெனவே இருந்தன. வாங்கும் நாடுகளின் வரம்புகள், ஏற்றுமதி, பரிசோதனைக்கு ஆகும் செலவு. நான்காவது உன்னுடையது.

லேப்டாப் என்னுடையது. அதனால் தட்டச்சு என் வேலை. முதல் படியைச் சாரிடம் கொடுத்தோம். உன் அட்டவணைக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். நல்ல தகவல், வணிகத்தோடு இதை எப்படி இணைப்பது என்று யோசியுங்கள். அவ்வளவுதான். இதைச் சரியாக எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு இணைக்கத் தெரியவில்லை. சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் இருந்தது. பக்கக் கணக்கு மீறியிருந்தது. உன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீ மலைக்குப் போயிருந்தாய், போனில் சிக்னல் கிடைக்கவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் சிக்னல் கிடைத்திருந்தாலும் நான் எடுத்திருப்பேன் என்பதும் உண்மை. மார்க் போய்விடுமோ என்ற பயம். நான்காவது அட்டவணையையும் அதைப் பற்றிய இரண்டு பக்கங்களையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அதன் பிறகு வாக்கியங்கள் எவ்வளவு அழகாக ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன தெரியுமா? ஒரு பிசிறு இல்லை.

நீ முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக வகுப்புக்கு வந்தாய். சுடிதாரெல்லாம் கசங்கி, தலையில் மழைத்துளி. முதல் பாதியை நான் பேசினேன். இரண்டாம் பாதி உன்னுடையது. பேச ஆரம்பிக்கும் முன்பே பையிலிருந்து பல்பொடி டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாய். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "நில்லுங்க, இப்போ சொல்றேன்" என்று நீயும் சிரித்தாய். ஸ்பைரல் போட்ட பிரதியைப் புரட்டினாய். மூன்றாவது அட்டவணை. அடுத்த பக்கம் முடிவுரை. பின்னால் புரட்டினாய். மறுபடியும் முன்னால்.

"நெக்ஸ்ட்?" என்றார் சார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் புரொஜெக்டரின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்ரயே உள்ளு, சார்" என்றாய். அவ்வளவுதான் சார். டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடந்தாய். ஒவ்வோர் அடிக்கும் அது குலுங்கியது.

வெளியே வந்ததும் கேட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீ எடுத்தியா, சார் எடுத்தாரா?"

"சார்தான்டீ. வேண்டாம்னுட்டாரு."

"செரி விடு. சார் சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்."

நம்பிவிட்டாய். அதற்கப்புறம் அந்த வகுப்பில் நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. செமஸ்டர் முடிகிற சமயத்தில் சார் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "ஆ குட்டிக்கு எந்து பற்றி? முன்னால நிறைய சோதிக்குமே" என்று விசாரித்தார். முன்பெல்லாம் நிறையக் கேள்வி கேட்ட உனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்குத் தெரியாது சார் என்றேன். ஒரே பொய்யை இரண்டு பக்கமும் சொல்லி வைத்துவிட்டேன். வகுப்பிலேயே நமக்குத்தான் அதிக மார்க்.

*

அந்த வருடக் கடைசியில் உன் கைகளில் நீல நீலமாகத் தடங்கள் தெரிய ஆரம்பித்தன. எங்கே இடித்தது என்று கேட்டால் உனக்கே தெரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, என்ன சாப்பிடுவாய், என்ன மாத்திரை போட்டாய் என்று எவ்வளவோ கேட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்து சாயங்காலம் தோறும் அந்தச் சட்டையை அலசியது நீ. சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அதனால்தான் இப்படி ஆயிற்று என்று இப்போதும் நான் எழுத மாட்டேன். இரண்டு விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று முதல் செமஸ்டரிலேயே படித்தோம். அதனால் ஆகவில்லை என்றும் என்னால் எழுத முடியாது. யாரும் எண்ணவில்லை. எண்ணி வைத்திருந்தவள் நீ ஒருத்தி. அதை எடுத்துவிட்டவள் நான்.

கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோது தலையணைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாய். உன் அப்பா இனிமேல் மருந்து அடிக்கப் போவதில்லை, வேறு வேலைக்கு மாறிவிட்டார் என்றாய்.

"இது கடைசி நாளோடது. நீ வச்சுக்கோ. எண்ணிப் பாத்துக்கோ."

"எதுக்குடீ?"

"எத்தனைன்னு யாருக்காச்சும் தெரியணும்லா."

வராந்தாவில் நடக்கும்போதே அது குலுங்கியது. வீட்டுக்குப் போனதும் திறந்தேன், எண்ணவில்லை, பஞ்சை அடைத்து மூடிவிட்டேன். நீ இறந்துபோன அன்று நான் நாகர்கோவிலில் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மலைக்கு வரவே இல்லை. உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

*

மறுபடி சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். டாக்டரிடம் பேசிவிட்டுப் பாப்பாவைப் படுக்கையறையில் படுக்க வைத்து, ஒரே சீராக மூச்சு விடுகிறாளா என்று மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துண்டை அடைத்தேன். அப்போதுதான் காலிங் பெல் அடித்தது. துவாரம் வழியாகப் பார்த்தேன். முதுகில் டாங்க், மூக்கில் துண்டு. நாற்பத்தைந்து வயது இருக்கும். திறக்காமலே என்ன என்றேன்.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிட்டுமாம்மா?"

தென்காசிப் பக்கத்துத் தமிழ், இடையில் ஒரு மலையாளச் சொல். கதவுக்கு உள்ளே என் பாத்திரங்கள், என் மெத்தை, என் குழந்தை எல்லாம் மூடிப் பத்திரமாக இருந்தன. வரம்பு வைத்தாயிற்று. வெளியே நிற்கிற உடம்புக்கு வரம்பு இல்லை. இணைக்கத் தெரியவில்லை என்று நான் விட்டுவிட்ட பக்கம் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

தண்ணீரோடு கதவைத் திறந்து ஓரடி எடுத்து வைத்தேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீங்கம்மா. சட்டையில மருந்து இருக்கு."

செம்பைச் சாய்த்து அவர் கைகளில் தண்ணீர் ஊற்றினேன், கழுவினார். செம்பை வாங்கித் தூக்கி அண்ணாந்து குடித்தார்.

"காலைலேர்ந்து எத்தனை டாங்க் அடிச்சீங்க, அண்ணாச்சி?"

"ஏன், ஏதும் கம்ப்ளைண்ட்டா?" என்று முகம் மாறினார். இல்லை இல்லை, சும்மா கேட்டேன் என்றதும் சிரித்தார். "மாடிக்கு ஒண்ணுன்னு… இல்ல, மூணாவது மாடில ரெண்டா? நெசமாவே ஓர்மை இல்லம்மா. யாரு கேக்கா இதெல்லாம்?"

சமையலறைக்குப் போய் ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தேன். ஒரு டாங்க் காலியானால் ஒன்றைச் சட்டைப் பையில் போடுங்கள் என்றேன். என்னைக் கொஞ்சம் லூசு என்றுதான் நினைத்திருப்பார்.

"எதுக்கும்மா?"

"எத்தனைன்னு யாருக்காச்சும் தெரியணும்லா."

என் வாயில் உன் குரல். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறிப் போனார். சாயங்காலம் படிக்கட்டிலிருந்து, கிட்டே வராமலே, கத்தினார். "எம்மா! உங்ககிட்ட வாங்கின பெறகு அஞ்சு. அதுக்கு முன்னாடி உள்ளது எனக்குத் தெரியாது கேட்டேளா!"

இன்று திங்கள். மத்தியானம் பாப்பா தூங்குகிற நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். இரண்டு நாள் டயப்பரைக் கிளறினேன். ஒன்றும் வரவில்லை. அவள் விழுங்கவே இல்லை என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், துண்டின் மடிப்பில் எல்லாம் தேடிவிட்டேன். ஒன்று குறைகிறதா, பதின்மூன்றேதானா, இனி யாருக்கும் தெரியாது. தூக்கத்தில் அவள் புரண்டால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் ஸ்பைரல் பிரதி அந்தப் பெட்டியிலேயே இருந்தது. மூன்றாவது அட்டவணைக்கு எதிர்ப்பக்கம் வெற்றுத் தாள். அதில் பேனாவால் கோடு போட்டேன். அட்டவணை 4. முதல் வரி, நான் வந்த நாள், உன் அப்பா, பதினான்கு. இரண்டாவது வரி, கடைசி நாள், உன் அப்பா, பதின்மூன்று. அதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கீழே எழுதினேன்: எண்ணியவர் மிகவும் தாமதமாக எண்ணினார். ஒன்று குறைந்திருக்கலாம். மூன்றாவது வரி, எங்கள் குடியிருப்பு, ஐந்து, அதற்கு முந்தியவை தெரியவில்லை. லயம் லயமாக நீ எழுதி வந்த மற்ற வரிகள் எனக்கு நினைவில்லை. அந்தத் தாள்களை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவை இருந்தால் உன் அப்பாவிடம்தான் இருக்கும். கேட்க வேண்டுமென்றால் மலைக்குத்தான் வர வேண்டும். வந்தால் அவரிடம் இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

சார் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். உன்னிடம் சொல்லிவிட்டேன். விதுராவிலிருந்து மேலே போகிற பஸ் இப்போது எத்தனை மணிக்கு என்று நாளைக்கு விசாரிக்கிறேன்.

டப்பாவை அலமாரியின் மேல்தட்டில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். கீழே லாரி போனால் தட்டு அதிர்கிறது. லேசாகக் குலுங்குகிறது. பஞ்சைத் திரும்ப அடைக்கவில்லை.